முடக்க காலத்தில் பயணம்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மக்களுக்கான நடைமுறை வழிகாட்டி

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. மாகாணங்களுக்கிடையிலான பயணத்தடை 2021 ஒக்டோபர் மாத இறுதியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலம் முழுவதும் கிழக்குக் கரையில் வாழ்ந்தவர்கள் இன்று திறந்து நாளை மூடும் பாதைகளோடுதான் காலந்தள்ளினார்கள். அந்நாட்களில் விதியை மீறி அகப்பட்டவர்களுள் சிலர் வேண்டுமென்றே மீறியவர்கள். மற்றவர்கள், யாரிடம் எந்தக் கடிதத்தைக் கேட்பது என்று தெரியாமல், அவசரத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள். இவ்வழிகாட்டி இந்த இரண்டாம் பிரிவினருக்காக எழுதப்படுகிறது. கொவிட் காலத்து விதிகள் இன்று நடைமுறையில் இல்லை. எனினும் அவற்றைப் பிறப்பித்த சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. மறுபடி ஒரு தொற்று வந்தால் அதே அலுவலகங்களும் அதே வீதித் தடைகளும்தான் நம் முன்னே நிற்கும்.

எந்தத் தடை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'லொக்டவுன்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு தடைக்கும் அனுமதி தரும் இடம் வேறு. ஊரடங்கு என்றால் அனுமதிப்பத்திரமின்றி வீதியில் இறங்கவே கூடாது; அந்தப் 'பாஸ்' பொலிஸ் நிலையத்தில் பெறப்படுவது. மாவட்ட அல்லது மாகாண எல்லைத் தடை என்றால் உங்கள் ஊருக்குள் நடமாடலாம், எல்லையைத்தான் கடக்க முடியாது. ஒரு கிராம சேவகர் பிரிவு முடக்கப்பட்டால் அப்பிரிவுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் தடை. இங்கே பொலிசாரைவிடச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சொல்லுக்கே மதிப்பு அதிகம். வீட்டுத் தனிமைப்படுத்தல் உங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டார் என்றால், ஊர் முழுவதும் திறந்திருந்தாலும் உங்களுக்கு வாசற்படிதான் எல்லை.

2020 இறுதியில் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும், அதனை அடுத்துக் காத்தான்குடியிலும் சில பிரிவுகள் முடக்கப்பட்டபோது பலர் தடுமாறியது இந்த வேறுபாட்டில்தான். முடக்கப்பட்ட பகுதியை ஊடறுத்துச் செல்லும் பிரதான வீதியில், இடையில் எங்கும் நிறுத்தாமல் கடந்து செல்வதற்குப் பொதுவாக இடமளிக்கப்பட்டது. மருந்தோ பாணோ வாங்க ஓரிடத்தில் இறங்கினால் அதுவே மீறலாகிவிடும். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போகும் ஒருவர் காத்தான்குடியைத் தாண்டாமல் போவது கடினம் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. தனிமைப்படுத்தல் நடவடிக்கைகள் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அதன்கீழ் உள்ள ஒழுங்குவிதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரையான தண்டமோ, ஆறு மாதம் வரையான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊரடங்குக் கட்டளையோ பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி சனாதிபதியால் பிறப்பிக்கப்பட வேண்டியது. 2020இன் ஊரடங்கு முறைப்படி பிறப்பிக்கப்பட்டதா என்று சட்டத்தரணிகள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள், நியாயமான கேள்விதான். ஆயினும் அந்த வாதத்துக்குரிய இடம் நீதிமன்றம். அதிகாலை ஐந்து மணிக்கு வீதித் தடையில் நின்றபடி அதனை எழுப்பியவர்கள் யாரும் பயணத்தைத் தொடர்ந்ததாகத் தெரியவில்லை. அதே மார்ச் முதல் ஜூன் வரையான காலத்தில் நாடளாவிய ரீதியில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் ஊரடங்கை மீறியதாகக் கைது செய்யப்பட்டார்கள்.

எல்லை எங்கே இருக்கிறது

வரைபடத்தில் கோடு போட்டவர்கள் நம்முடைய நாளாந்த வாழ்க்கையைப் பார்த்துக் கோடு போடவில்லை. பெரியகல்லாறு மட்டக்களப்பு மாவட்டம். சற்றுத் தெற்கே பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். கல்லாற்றில் இருப்பவருக்குக் கல்முனைச் சந்தை கூப்பிடு தூரம்; மட்டக்களப்பு நகரமோ அதைவிடப் பல மடங்கு தொலைவு. 2020இல் மாவட்ட எல்லைகள் மூடப்பட்டபோது இந்த மக்கள் தங்கள் சந்தையையும் வைத்தியசாலையையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2021இல் தடை மாகாண எல்லைக்கு மாறியதும் அந்த இடர் நீங்கியது. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை ஆகிய மூன்றும் கிழக்கு மாகாணமே என்பதால், வாகரை வழியாக வெருகல் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குச் செல்வது மாகாணத்துக்குள் நிகழும் பயணமாகவே கொள்ளப்பட வேண்டும்.

மாகாண எல்லைகள் இருக்கும் இடங்கள் வேறு. கொழும்பு, பொலன்னறுவை நோக்கிச் செல்பவர்கள் ரிதிதென்னையைத் தாண்டி வெலிகந்தைப் பக்கம் கால் வைத்ததும் வடமத்திய மாகாணத்துக்குள் நுழைகிறார்கள். பொத்துவிலிலிருந்து லாகுகலை வழியாக மொனராகலைக்குப் போகிறவர்களும், மகா ஓயா வழியாகப் பதுளைக்குப் போகிறவர்களும் ஊவா மாகாணத்துக்குள் நுழைகிறார்கள். வாகனத்தை எடுக்குமுன், உங்கள் பயணம் இவற்றுள் எதைக் கடக்கிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தில் பாதையின் பெயரும் எல்லையின் பெயரும் இருந்தால், எல்லையில் நிற்கும் அதிகாரிக்குக் கேட்பதற்கு அதிகம் இராது.

அம்பாறை மாவட்டத்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாவட்டச் செயலகம் அம்பாறை நகரத்தில் இருக்கிறது. ஆனால் கரையோரத்துச் சுகாதார நிருவாகம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் கீழ் வருகிறது. நிந்தவூர், அட்டாளைச்சேனை, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள் தனிமைப்படுத்தல், பரிசோதனை தொடர்பான கேள்விகளை அம்பாறையிடம் கேட்டு நாளைக் கழிக்காமல், தத்தம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கல்முனையிடமே கேட்க வேண்டும். கல்முனை நகரத்தவர் தாம் எந்தப் பிரதேச செயலகத்துக்குரியவர்கள் என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அது ஒரு தனிப் பஞ்சாயத்து. இங்கே அதற்குள் இறங்காமல் விடுகிறேன்.

கடிதங்களைத் திரட்டுவது

அனுமதி மறுக்கப்பட்டவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் காரணம் பொய்யாக இருந்ததில்லை. காரணத்துக்குச் சான்று இல்லாமல் இருந்தது. ஆகவே பொலிஸ் நிலையத்துக்குப் போகுமுன் கிராம சேவகரிடம் போங்கள். நீங்கள் இன்ன முகவரியில் வசிப்பவர், இன்ன காரணத்துக்காக இன்ன இடத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது என்று அவர் எழுதி றப்பர் முத்திரை வைத்துத் தந்தால், அதன்பின் பொலிஸ் நிலையத்தில் நிகழ வேண்டிய பாதி வேலை முடிந்துவிடும். அரச ஊழியர்களுக்கும் வைத்தியசாலை ஊழியர்களுக்கும் அலுவலக அடையாள அட்டையே பல வேளைகளில் போதுமாக இருந்தது. தனியார் நிறுவனத்தவர் நிறுவனத் தலைப்பிட்ட தாளில், கடமைக்குச் சமுகமளிக்க வேண்டிய நாட்களைக் குறிப்பிட்டுக் கடிதம் பெற வேண்டும். 'அத்தியாவசிய சேவை' என்ற இரண்டு சொற்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு வாகனக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது அனுமதி ஆகாது.

சில ஆவணங்கள் தாமே அனுமதியாகச் செல்லுபடியாயின. 2020 ஒக்டோபரில் உயர்தரப் பரீட்சை நடந்தபோது, ஊரடங்குப் பகுதி மாணவர்களுக்குப் பரீட்சை அனுமதி அட்டை பாஸாக ஏற்கப்பட்டது. வெளிநாடு செல்பவர்களுக்கு விமானச் சீட்டும் கடவுச்சீட்டும் விமான நிலையம் வரை வழிவிட்டன. ஆனால் விமானச் சீட்டு பயணிக்குரியது. அவரைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மட்டக்களப்புக்குத் திரும்பும் சாரதிக்கு அது உதவாது. வளைகுடாவுக்குப் பிள்ளையை வழியனுப்பச் செல்லும் குடும்பங்கள், சாரதியின் பெயரும் திரும்பும் நாளும் குறித்த தனிக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும்.

விண்ணப்பக் கடிதம் நீண்டிருக்க வேண்டியதில்லை. கீழே ஒரு மாதிரி.

*பொறுப்பதிகாரி,*
*பொலிஸ் நிலையம்,*
*களுவாஞ்சிகுடி.*

*ஐயா,*

*வைத்தியசாலைப் பயணத்துக்கு அனுமதி கோரல்*

*பெரியகல்லாற்றில் வசிக்கும் எனது தாயார் சிறுநீரக நோயாளி ஆவார். அவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் குருதிச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்று வருகிறார். அவரை அழைத்துச் சென்று மாலையில் திரும்புவதற்கு, கீழே குறிப்பிடப்பட்டுள்ள முச்சக்கர வண்டிக்கும் சாரதிக்கும் துணையாக வரும் எனக்கும், இம்மாத இறுதி வரை அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிராம சேவகரின் கடிதமும் கிளினிக் கொப்பியின் பிரதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.*

இதன் கீழே மூவரின் அடையாள அட்டை இலக்கங்கள், வண்டியின் இலக்கம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், தொலைபேசி இலக்கம் என்பன இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்காமல் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்பது இரு தரப்புக்கும் நன்று. ஊருக்கு வெளியே உள்ள வீதித் தடைகளில் நிற்பவர்களுள் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அம்பாறை நகரம், மகா ஓயா, வெலிகந்தை வழியாகச் செல்பவர்கள் கடிதத்தின் சிங்களப் பிரதி ஒன்றையும் எழுதுவித்து, அதிலும் முத்திரை பெற்றுக்கொள்வது மிகுந்த பயன் தரும்.

வைத்தியசாலைப் பயணம்

எல்லாத் தேவைகளிலும் இதுவே முதன்மையானது. அதிகம் குழம்பியதும் இதுவே.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் கடிதம் தேட வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதற்கு எந்தப் பாஸும் தேவையில்லை. நெஞ்சுவலிக்காரரை மோட்டார் சைக்கிளில் நடுவே இருத்திக் கொண்டுபோய், ஒவ்வொரு தடையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது ஆபத்தை இரட்டிப்பாக்கும். பிரசவத் திகதி நெருங்கியவர்கள் இருக்கும் வீட்டில், குடும்ப நல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருங்கள். கர்ப்பவதியின் பதிவு அட்டை இரவு நேரத்தில் எந்தத் தடையிலும் வலுவான சான்று.

மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்பவர்கள், போக வேண்டுமா என்பதையே முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும். 2020இல் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கான கிளினிக் மருந்துகளை வீட்டுக்கே அனுப்பும் ஒழுங்கு செய்யப்பட்டது; தபாற்காரர்கள் மருந்துப் பொதிகளோடு வந்தார்கள். அந்த ஒழுங்கில் சேர்வதற்குக் கிளினிக் கொப்பியில் சரியான முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருந்திருக்க வேண்டும். முகவரி மாறியும் கொப்பியைத் திருத்தாதவர்களின் மருந்து பழைய வீட்டு வாசலில் போய் நின்றது. இப்போதே உங்கள் கொப்பியை எடுத்து முதற் பக்கத்தைப் பாருங்கள்.

புற்றுநோய் சிகிச்சைக்காக மகரகமவுக்குப் போகிறவர்களின் நிலை வேறு. ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தூரமும், பல மாவட்டங்களும், அங்கே தங்குவதற்கு இடமும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கல்கள் வரும். அவர்கள் முதலில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில், சிகிச்சையின் எந்தப் பகுதியை இங்கேயே தொடரலாம் என்று கேட்க வேண்டும். போயே ஆக வேண்டுமென்றால், சிகிச்சைத் திகதி குறித்த வைத்தியரின் கடிதத்தின் மேல் பொலிஸ் அனுமதியையும் பெற்று, போகும் அன்றே திரும்ப முடியாது என்பதையும் எழுதுவிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் பெற்ற பாஸோடு போய், சிகிச்சை நீண்டதால் திரும்பும் வழியில் மறிக்கப்படுவது வழக்கமாக நேரும் தொல்லை.

வீதித் தடையில்

ஆவணங்கள் அனைத்தையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை ஒன்றில், மேலிருந்து கீழாக இந்த வரிசையில் வையுங்கள்: பாஸ், அடையாள அட்டை, காரணத்துக்கான சான்று, அதன்பின் சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. தொற்றுக்காலத்தில் அதிகாரி கடதாசிகளைத் தொட விரும்பமாட்டார். உறையை இருபுறமும் திருப்பிக் காட்டினால் போதும். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியான வண்டியில் போகாதீர்கள். காரணம் நியாயமாக இருந்தும் வண்டியின் குறைபாட்டால் மறிக்கப்பட்டு, கடைசியில் வழக்கு அதற்காகப் பதிவானவர்கள் உண்டு.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "சேர், அம்மாவ மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்கு ஏத்திற்றுப் போறம். இண்டைக்குத்தான் திகதி, கொப்பியில இருக்கு" என்றால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. இதை விட்டு, சொந்தக்காரர் ஒருவர் பெரிய இடத்தில் இருக்கிறார் என்று தொடங்கினால் அதிகாரியின் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள். வண்டியில் எத்தனை பேர் என்பதும் கவனிக்கப்படும். ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாமியையும் ஏறாவூரில் இறக்கிவிடலாம் என்ற எண்ணம்தான் பல நேர்மையான பயணங்களைக் கெடுத்தது.

அடையாள அட்டை இலக்க முறை வந்தபோது ஏற்பட்ட குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில், கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைத் திகதிகளிலும், இரட்டையானால் இரட்டைத் திகதிகளிலும் மட்டுமே அத்தியாவசியப் பொருட்கள் வாங்க வெளியே வரலாம் என்று விதிக்கப்பட்டது. பூச்சியம் இரட்டையாகக் கொள்ளப்பட்டது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்கு முன் நிற்கும் இலக்கமே கணக்கு. புதிய அட்டையில் பன்னிரண்டாவது இலக்கம். அதற்கு ஒரு வருடத்துக்கு முன், 2020இல், வேறொரு முறை இருந்தது: கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் திங்கள், 3 அல்லது 4 என்றால் செவ்வாய் என்று கிழமை வாரியாக. பழைய முறையை நினைவில் வைத்துக்கொண்டு புதிய முறை நடந்த காலத்தில் சந்தைக்கு வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்த அறிவித்தலையும் அதன் திகதியைப் பார்த்த பின்பே நம்புங்கள். வட்ஸ்அப்பில் பகிரப்படுபவற்றுள் பாதி சென்ற தடையின் அறிவித்தல்களே. ஐயமானால் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்துக்கு அழைக்கலாம்.

திருப்பி அனுப்பினால் திரும்பிவிடுங்கள். எந்தத் தடை, எத்தனை மணி, என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டு, அனுமதி தந்த பொலிஸ் நிலையத்துக்கே தொலைபேசி எடுங்கள். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதே தடை அரைமணி நேரத்தில் திறக்கக்கூடும்.

வயலும் வாவியும்

எழுவான்கரையில் (வாவியின் கிழக்குக் கரை) வீடும் படுவான்கரையில் (மேற்குக் கரை) வயலும் என்பது மட்டக்களப்பில் புதுமையன்று. 2020இல் விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் ஊரடங்கிலிருந்து விலக்களிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. சிறுபோக வேலைகள் தொடங்கும் வேளை அது. ஆனால் கொழும்பில் அறிவிக்கப்பட்ட விலக்கு பட்டிருப்புப் பாலத்தடியில் நிற்பவரின் காதுக்கு எட்டுவதற்கு நாட்கள் எடுக்கலாம். எனவே கமநல சேவை நிலையத்தில் உங்கள் காணிப் பதிவைக் காட்டி, கண்டத்தின் (வயல் தொகுதியின்) பெயரும் ஏக்கரும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றைப் பெற்று வைத்திருங்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் ஒரு சொல் சொல்லி வைப்பதும் நல்லது. ஒரு கண்டத்து விவசாயிகள் அனைவருக்கும் சேர்த்துப் பெயர்ப்பட்டியலாக அனுமதி கேட்க அவரே பொருத்தமானவர். அறுவடை இயந்திரமும் உழவு இயந்திரமும் வெளியூரிலிருந்து வருவதானால் சாரதிக்கும் உதவியாளருக்கும் தனித்தனியே பெயர் குறித்த அனுமதி வேண்டும். அவர்கள் இரவு எங்கே தங்குவார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார். வாடியில் என்றால் வாடி இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

மீனவர்களுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும் படகுப் பதிவும் உதவும். கடலுக்குப் போவதைவிட மீனை விற்கப் போவதே கடினமாக இருந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும், அங்கிருந்து வந்தவர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். அங்கே மீன் கொண்டுபோன லொறிச் சாரதியும் உதவியாளரும் மறைக்காமல் தாமே முன்வந்து அறிவிப்பது, பின்னர் ஊர் முழுவதையும் முடக்குவதைத் தவிர்க்கும்.

வீதியில் மறித்தால் குறுக்குப் பாதை இருக்கிறது என்று சொல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வாய்க்கால் கட்டு வழியாக மோட்டார் சைக்கிளில் போகலாம், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் இரவில் தோணியில் கடக்கலாம் என்பார்கள். வெல்லாவெளி, நாவிதன்வெளிப் பக்கத்து வயற்பாதைகளில் இருட்டியபின் யானை நிற்கும் என்பதை அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, வீதித் தடைக்குத் தெரியாமல் போகும் வண்டிக்கு யானையும் தெரியாது. தோணியும் அப்படித்தான்: வெளிச்சமில்லாமல், ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியில் இறங்குவது சட்டப் பிரச்சினையாவதற்கு முன்பே உயிர்ப் பிரச்சினை. அகப்பட்டால், மறைந்து வந்தீர்கள் என்ற ஒன்றே உங்கள் நியாயமான காரணத்தையும் அடித்துச் சென்றுவிடும்.

மரண வீடு

ஊரடங்கில் அதிகம் பொய்யாகச் சொல்லப்பட்ட காரணமும் இதுவே. அதனால் உண்மையாகவே இழப்பைச் சந்தித்தவர்கள் மீது சந்தேகம் விழுந்தது. பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற நெருங்கிய உறவுக்கே அனுமதி கிடைக்கும் என்று எதிர்பாருங்கள். மரணம் நிகழ்ந்த ஊரின் கிராம சேவகர் தரும் மரண அறிக்கையைத் தொலைபேசியில் படமாக வரவழைத்து, அதை அச்சிட்டு, உங்கள் பொலிஸ் நிலையத்தில் காட்டலாம். உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் கூடக்கூடியவர்களின் தொகைக்கு எல்லை இருந்தபடியால், முறை வைத்து வந்துபோக வேண்டும். எட்டாம் நாளுக்கும் முப்பத்தொராம் நாளுக்கும் அனுமதி கேட்பதில் பயனில்லை.

வெளி மாகாணத்திலிருந்து ஊர் திரும்புவது

கொழும்பிலும் கம்பஹாவிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் முடக்கத்தில் சிக்கியபோது, சிலர் மரக்கறி லொறிகளில் தார்ப்பாயின் கீழ் ஒளிந்து வந்தார்கள். அவர்களின் பயத்தையும் பசியையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆடைத்தொழிற்சாலை விடுதியில் சமைக்க அரிசியின்றி இருப்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. ஆனாலும் ஒளிந்து வருபவர் ஊரில் வந்திறங்கியதும் வீட்டாருக்கு இரண்டு வழிகளே எஞ்சும்: மறைப்பது அல்லது அறிவிப்பது. மறைத்தால், ஒரு காய்ச்சல் வந்தவுடன் ஒழுங்கை முழுவதும் பூட்டப்படும்.

தங்கியிருக்கும் இடத்தின் பொலிஸ் நிலையத்திலும், சொந்த ஊரின் பிரதேச செயலகத்திலும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். ஊரில் இருப்பவர் பிரதேச செயலகத்தில் பெயரைக் கொடுத்து, வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தால் 14 நாள் வீட்டுத் தனிமைப்படுத்தலுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இணங்கக்கூடும். இல்லையென்றால் தனிமைப்படுத்தல் நிலையம். 2020 மார்ச்சில் புணாணையில் நிலையம் திறந்தபோது இங்கே எழுந்த அச்சம் அதிகம். அனுபவத்தில், நெருக்கமான இரண்டறை வீட்டில் வயதான தாய் தந்தையோடு இருப்பதைவிட நிலையத்தில் இருப்பது பலருக்கு மன நிம்மதியைத் தந்தது. வாசலில் ஒட்டப்பட்ட அறிவித்தலைக் கிழிக்காதீர்கள். அயலவர் ஒதுங்குவது வலிக்கும். ஆனால் அந்தக் கடதாசி கிழிக்கப்பட்டிருப்பது தனிக் குற்றமாகப் பார்க்கப்படும். உணவுப் பொருட்களுக்கு, கிராம சேவகரிடம் சொன்னால் உலர் உணவுப் பொதி வரும். அதற்குள் படலையில் ஒரு வாளியைக் கட்டி வைத்து அயல் வீட்டாரிடம் சாமான் வாங்கிக்கொள்ளலாம்.

கைது செய்யப்பட்டால்

எதிர்க்காதீர்கள், ஓடாதீர்கள். எந்தக் குற்றத்துக்காகக் கைது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டாருக்குத் தகவல் சொல்லக் கேளுங்கள். கைது செய்யப்பட்டவரை, பயணத்துக்கான நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பொலிஸ் பிணையில் விடுவதும் வழக்கம். வாக்குமூலம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் கையொப்பமிடுவதற்கு முன் தமிழில் எழுதுமாறு கேளுங்கள். வாசித்து விளக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டால், என்ன விளக்கப்பட்டது என்பதை வெளியே வந்தவுடன் எழுதி வையுங்கள். பாஸ் இருந்தும் கைது செய்யப்பட்டிருந்தால், பாஸின் மூலப் பிரதியைக் கையளிக்க முன் அதனைப் படமெடுத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்படும்போதே எல்லா ஆவணங்களையும் படமெடுத்து இன்னொருவரின் தொலைபேசிக்கு அனுப்பிவிடுவது இதற்காகத்தான்.

அடி விழுந்தால், முழந்தாளில் நிற்கவைத்தால், அது எந்தத் தனிமைப்படுத்தல் விதியிலும் இல்லாத தண்டனை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அரசியலமைப்பு நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டத்தின் மூலம் அதை மட்டுப்படுத்தவும் இடமளிக்கிறது. மட்டுப்படுத்தலில் கைநீட்டல் அடங்காது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றைத் தாக்கல் செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு என்பதால், ஊர் திறக்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் சட்டத்தரணியிடம் தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள்.

கடைசியாக வாகனம். மீறலில் அகப்பட்டவர்களைத் தண்டத்தைவிட அதிகம் வாட்டியது பொலிஸ் நிலைய வளவில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டிதான். பொலிசார் வண்டியைக் கையேற்கும்போது இலக்கத்தகடு, எரிபொருள் அளவு, கண்ணாடி, மேலதிகச் சில்லு என்பவற்றைக் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். விடுவிக்குமாறு நீதிமன்றில் கோருபவர் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளராக இருக்க வேண்டும். கைமாறி வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பெயர் மாற்றாமல் ஓடுபவர்கள் பழைய உரிமையாளரைத் தேடிப் போக வேண்டிவரும்; அவர் பொலன்னறுவையில் இருந்தால் அதற்கும் ஒரு பாஸ் வேண்டும். லீசிங் வண்டியானால் நிறுவனத்திடம் கடிதம் பெற வேண்டும். அந்த அலுவலகமும் முடக்கத்தில் பூட்டியிருக்கும். உங்கள் வண்டி இன்னும் வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றால், வீதிகள் திறந்திருக்கும் இந்தக் காலத்திலேயே அதை மாற்றி முடித்துவிடுங்கள்.